ஜான்ஸ் ஹாப்கின்ஸ்: அடிமைமுறையை எதிர்த்தவரா, அடிமைகளை வைத்திருந்தவரா?

கரிசல்காடன்:
கொரோனா நாட்களில் தினமும் எண்ணிக்கை பார்த்தோமே, அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் பால்டிமோர் நகர வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் (1795–1873) பெயரில் அமைந்தது. கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. சுமார் 70 லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அடிமைமுறையை எதிர்த்தவர் என்றுதான் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2020 டிசம்பரில் பல்கலைக்கழகமே ‘அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள்’ என்று அறிவித்தது. எனக்கு இது அவசரத் தீர்ப்பாகத்தான் படுகிறது.

நூலகப்பூச்சி:
இதில் என்ன அவசரம்? 1840 மக்கள்தொகைக் கணக்கில் அவர் வீட்டில் ஓர் அடிமை. 1850-இல் நான்கு ஆண்கள். அந்த 1850 பட்டியலைப் பார்த்தால் வயிறு கலங்கும். உடைமையாளருக்குப் பெயர் உண்டு. அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் என்ன சான்று? பேத்தி முறை உறவினர் ஒருவர் 1929-இல் எழுதிய சிறு வாழ்க்கை வரலாறு. அப்பா சாமுவேல் 1807-இல் அடிமைகளையெல்லாம் விடுவித்தார், புகையிலைத் தோட்டத்தில் ஆளில்லாமல் போனது, பையன் பள்ளியை விட்டு வயலுக்கு இறங்கினான் என்று அதில் வருகிறது. அப்படி விடுவித்ததற்கு ஆவணம் கிடைக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களைப் பற்றி வீட்டார் எழுதினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

மாலதி_ப:
அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கும் அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 17 வயதில் பால்டிமோருக்கு வந்து சித்தப்பா ஜெரார்டின் மளிகை மொத்த வியாபாரத்தில் சேர்ந்தார். சித்தப்பா மகள் எலிசபெத் மேல் காதல். அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினர், அதில் நெருங்கிய உறவுக்குள் மணம் கூடாது. (நம் ஊரிலும் அது தங்கை முறைதான், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) இருவருமே கடைசிவரை மணம் முடிக்கவில்லை. சித்தப்பாவை விட்டு விலகியதற்கு இன்னொரு காரணம் சாராயம். ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு விவசாயிகளிடம் காசு புழங்காது, சரக்குக்குப் பதில் சோள விஸ்கிதான் தருவார்கள். சித்தப்பா அதைத் தொடமாட்டேன் என்றார். ஜான்ஸ் தன் தம்பிகளோடு தனிக்கடை போட்டு, அந்த விஸ்கிக்குத் தன் பெயரையே வைத்து விற்றார். சபை அவரைக் கொஞ்சகாலம் தள்ளியும் வைத்தது!

கரிசல்காடன்:
மாலதி அக்கா சொன்னது சுவையாக இருக்கிறது, ஆனால் நான் கேட்டது வேறு. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் அந்தக் காலத்தில் அடிமைகளை வாடகைக்கு அமர்த்துவது சகஜம். கணக்கெடுக்க வந்தவர் வாடகைக்கு எடுத்தவர் பெயரிலேயே எழுதிக்கொண்டதும் உண்டு. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உடைமையாளர் என்று ஆகிவிடாது. சில ஆய்வாளர்களும் இதையே சொல்லி மறுத்தார்கள். 1860 கணக்கில் அவர் பெயரில் ஒருவரும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65), அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தெற்கை எதிர்த்து வடக்கு பக்கம் உறுதியாக நின்றார். பால்டிமோர்–ஒஹாயோ ரயில்வேயில் அவருக்கு இருந்த செல்வாக்கும் வடக்கின் ஒன்றிய அரசுக்கே பயன்பட்டது.

நூலகப்பூச்சி:
சரி, வாடகை என்றே வைத்துக்கொள்வோம். கூலி யார் கைக்குப் போயிருக்கும்? உழைத்தவனுக்கா, அவனுடைய முதலாளிக்கா? ‘அடிமையை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தார்’ என்று சொல்லி ஒருவரை எதிர்ப்பாளர் ஆக்க முடியாது. வடக்கை ஆதரித்ததும் சான்றாகாது. மேரிலாந்தே வடக்கில்தான் இருந்தது, ஆனால் 1864 நவம்பர் வரை அங்கே அடிமைமுறை சட்டபூர்வம். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் அந்த மாநிலத்தைத் தொடவே இல்லை.

கரிசல்காடன்:
அப்புறம் 1873 மார்ச் கடிதத்தை என்ன செய்வீர்கள்? மருத்துவமனை அறங்காவலர்களுக்கு அவரே எழுதியது. பால், வயது, நிறம் பார்க்காமல் ஏழை நோயாளிகளுக்கு இலவச சிகிச்சை. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஓர் அனாதை இல்லம். உள்நாட்டுப் போர் முடிந்து எட்டே வருடத்தில், தெற்கை ஒட்டிய ஒரு நகரத்தில் எத்தனை பணக்காரர்கள் இப்படி எழுதினார்கள், சொல்லுங்கள்.

மாலதி_ப:
கடிதம் நல்ல கடிதம்தான். 1889-இல் மருத்துவமனை திறந்தது. ஆனால் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் (அனுமதி கேட்காமலே ஆய்வுக்குச் செல்கள் எடுக்கப்பட்ட கறுப்பினப் பெண்) படுத்திருந்ததும் அங்கே கறுப்பர்களுக்கென ஒதுக்கிய வார்டில்தானே? 1876-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பில் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1945-இல். பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவைத்ததும் ஹாப்கின்ஸ் பணம் இல்லை. அவருடைய நண்பரான ரயில்வே தலைவர் காரெட்டின் மகள் மேரி, பணம் வேண்டுமானால் ஆணுக்குச் சமமாகப் பெண்ணையும் சேர் என்று நிபந்தனை போட்டார். அதனால்தான் 1893-இல் கதவு திறந்தது. எனக்கு மேரியைத்தான் பிடித்திருக்கிறது.

கரிசல்காடன்:
அறங்காவலர்கள் செய்ததற்கு இறந்தவர் பொறுப்பா?

நூலகப்பூச்சி:
இல்லை. அப்படியானால் அந்தப் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் பிற்பாடு சம்பாதித்த நல்ல பெயரையும் அவர் கணக்கில் எழுதாதீர்கள். அவர் கேட்ட அந்த அனாதை இல்லம் 1920-கள் தாண்டி நடக்கவில்லை. அதற்கு ஏன் யாரும் இவ்வளவு வாதாடவில்லை?