புதிதாக வந்த ஃபேண்டஸி நாவல்கள்: படித்தவர்களின் அனுபவம்

மதுரையிலிருந்து ஒரு வாசகர்:

பெரியவர்களுக்கென்று அண்மையில் வந்த ஃபேண்டஸி நாவல்களில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ராபர்ட் ஜாக்சன் பென்னெட்டின் ‘தி டெய்ண்டெட் கப்’. 2024 பிப்ரவரியில் வந்தது, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருதை 2025இல் வாங்கியது. விருது அறிவிப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். துப்பறியும் கதையும் ஃபேண்டஸியும் ஒன்றாக இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னதுதான் காரணம். முதல் அத்தியாயத்திலேயே ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

பெரிய பணக்காரக் குடும்பத்தின் மாளிகை. அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்த பொறியாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். உடம்புக்குள்ளிருந்து மரம் முளைத்துக் கூரையைப் பிளந்துகொண்டு மேலே போயிருக்கிறது. விசாரிக்க வந்திருக்கும் டினியோஸ் கோலுக்கு இதுதான் முதல் கொலை வழக்கு. பையன் பார்த்தது, கேட்டது எதையும் மறக்க மாட்டான். அரசாங்கம் அதற்கென்றே அவனை மாற்றியமைத்திருக்கிறது. ஒரு இடத்தைப் பார்வையிடும்போது சின்னக் குப்பி ஒன்றைத் திறந்து முகர்ந்து கொள்வான். பிறகு அதே வாசனையை முகர்ந்தால் அங்கே நடந்தது முழுவதும் வரிசையாக நினைவுக்கு வரும். திரும்பிப் போய், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் மேலதிகாரி ஆனா டோலாப்ராவிடம் அத்தனையையும் ஒப்பிக்க வேண்டும். அவன் எது முக்கியம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போவான். நாமும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு சின்ன விவரத்தில் அந்த அம்மாள் நிறுத்துவார். மறுபடி சொல் என்பார். அங்கிருந்துதான் வழக்கு திறக்கும்.

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவன். களத்துக்குப் போய்க் கோப்புகளைப் பார்த்து, குறிப்பெடுத்து, திரும்பி வந்து அதிகாரி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாராவாக விளக்கிச் சொல்லும் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஃபேண்டஸி நாவலில் அதை இவ்வளவு நெருக்கமாகப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. டினியோசுக்கு எழுத்தைப் படிப்பது கஷ்டம். எழுத்துகள் கண் முன்னால் நடுங்கும். அதை மறைத்து வைத்துக்கொண்டு வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஏன் காப்பாற்ற வேண்டும்? ஊரில் குடும்பம் அவன் சம்பளத்தை நம்பி இருக்கிறது.

கதை நடக்கும் பேரரசின் ஓரத்தில் கடல். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடலிலிருந்து மலை போன்ற மிருகங்கள் எழுந்து வரும். அவற்றைத் தடுக்கக் கடற்கரை நெடுகச் சுவர். மழை தொடங்குவதற்குள் கண்மாய்க் கரையைப் பலப்படுத்தியாக வேண்டும் என்று அலைகிற ஊர்க்காரர்களின் பதற்றம்தான் அந்தப் பொறியாளர்களிடமும் இருக்கிறது. அவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகும்போது சுவரில் உடைப்பு விழுகிறது. கொலையாளி யார் என்பதைவிட, சுவரைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறதா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. வாள் எடுத்தவனைவிட மண்வெட்டி எடுத்தவனால்தான் அந்த நாடு நிற்கிறது என்று நாவல் உறுதியாக நம்புகிறது. நானும் நம்புகிறேன்.

இரண்டாம் பாகம் ‘எ டிராப் ஆஃப் கரப்ஷன்’, 2025 ஏப்ரலில் வந்தது. கருவூலத் துறை அதிகாரி ஒருவர் பூட்டிய அறையிலிருந்து காணாமல் போகிறார். செத்த கடல் மிருகங்களை அறுத்து, அதன் ரத்தத்திலிருந்து மருந்துச் சரக்கு எடுக்கும் துறைமுக ஊர்தான் களம். பேரரசின் வைத்தியம், விவசாயம், படை எல்லாவற்றுக்கும் அந்தச் சரக்குதான் மூலம். டினியோசுக்கு இப்போது அப்பா வைத்துவிட்டுப் போன கடன் கழுத்தை நெரிக்கிறது. நடுப்பகுதி கொஞ்சம் இழுவைதான், வில்லனுக்கும் தேவைக்கு மேல் மூளை கொடுத்துவிட்டார். ஆனாலும் ராஜா என்ற பதவி எதற்கு, அதை ஏன் மனிதர்கள் இன்னும் ஆசையோடு பார்க்கிறார்கள் என்று நாவல் கேட்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ராஜா கதைகளிலேயே ஊறிய ஒரு வகை எழுத்துக்குள் இருந்துகொண்டு இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும்.

‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெபெக்கா யாரோஸின் டிராகன் வரிசையில் மூன்றாவது. 2025 ஜனவரி 21 அன்று வந்து முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. என் மகள் வயதுப் பெண்கள் இதைக் கொண்டாடுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, தடித்த புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்களே! ஆனால் தீவு தீவாகப் போகும் பகுதியில் எந்தத் தீவும் என் மனதில் நிற்கவில்லை. அங்கே வாழ்கிறவன் என்ன வேலை செய்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்பதைத் தெரிந்துகொள்வதற்குள் அடுத்த தீவு வந்துவிடுகிறது. ஜோ அபெர்க்ராம்பியின் ‘தி டெவில்ஸ்’ 2025 மே மாதம் வந்தது. பத்து வயதுச் சிறுமி போப்பாக இருக்கும் ஐரோப்பா, அவளுக்காக வேலை செய்யும் ரத்தக்காட்டேரி, ஓநாய்ப்பெண், சாகாத வீரன். வேகமாக ஓடுகிறது. எல்லாரும் எல்லா நேரமும் கிண்டலாகவே பேசுவதால் பாதிக்கு மேல் எனக்குச் சலித்தது. சாகாத வீரன் ஜேக்கப் மட்டும் விதிவிலக்கு. முட்டி வலியோடு எழுந்து நிற்கும் கிழவனின் களைப்பு அவனிடம் நிஜமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான்: மந்திரம் இருக்கட்டும், அதற்குக் கூலி யார் கொடுக்கிறார்கள், யாருடைய உத்தரவில் நடக்கிறது என்று சொல்லும் கதை. நீங்கள் படித்ததில் அப்படி ஏதாவது உண்டா?

சென்னையிலிருந்து ஒரு ஆய்வு மாணவி:

உண்டு சார். ஆர். எஃப். குவாங்கின் ‘கட்டபாஸிஸ்’, 2025 ஆகஸ்ட். கேம்பிரிட்ஜில் மந்திரவியல் ஒரு பாடம், அதில் ஆய்வு செய்யும் மாணவி ஆலிஸ் லா. அவளுடைய கைடு பேராசிரியர் கிரைம்ஸ் ஒரு விபத்தில் செத்துப்போகிறார். அவர் இல்லாமல் பரிந்துரைக் கடிதம் கிடையாது, கடிதம் இல்லாமல் வேலை கிடையாது. அதனால் நரகத்துக்கே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரக் கிளம்புகிறாள். அதே கைடிடம் இருக்கும் பீட்டர் மர்டாக்கும் கூட வருகிறான். நரகத்துக்குள் நுழையக் கட்டணம், மிச்சமிருக்கும் ஆயுளில் பாதி.

வெளியாட்களுக்கு இது மிகையாகத் தெரியும். ஆய்வு மாணவர்கள் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், ஆயுளில் பாதி என்றதும் யோசிக்காமல் தலையாட்டுவார்கள். என் முதல் கைடுக்கு நான் மின் கட்டணம் கட்டப் போயிருக்கிறேன், அவர் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் சேகரித்த தரவில் வந்த கட்டுரையில் என் பெயர் இல்லை. அதைப் பற்றிக் கேட்க ஒரு முறைகூட வாய் வரவில்லை, ஏனென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் கையெழுத்து வேண்டும். ஆலிஸ் நரகத்தில் நடந்துகொண்டே ‘அவர் மேதை, அவரிடம் இருப்பதே பாக்கியம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பக்கங்களைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அந்தச் சமாதானத்தை நானும் சொல்லிக்கொண்டிருந்தவள். கிரைம்ஸ் அவளுக்கு என்னவெல்லாம் செய்தார் என்பது மெதுவாக, அவள் மறக்கப் பார்க்கும் வரிசையிலேயே வெளிவருகிறது. மறக்கவும் முடியாது, அவர் அவள் தோலிலேயே மந்திரத்தை எழுதி அவள் நினைவாற்றலை மாற்றிவிட்டிருக்கிறார். டினியோஸின் குப்பிகளைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு ஆலிஸின் கைதான் நினைவுக்கு வந்தது. அவனுக்கு நினைவாற்றல் ஒரு உத்தியோகம், இவளுக்கு அது அவர் போட்ட பூட்டு.

நரகம் ஒரு கல்லூரி வளாகம் மாதிரியே தெரிகிறது, ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு முற்றம். அகந்தைக்காரர்களின் முற்றம் ஒரு நூலகம்! அந்தப் பகுதி அவ்வளவு துல்லியம். அப்புறம் வரும் முற்றங்களில் அந்தக் கூர்மை இல்லை. தத்துவப் புதிர்கள், தர்க்க முரண்கள், பழைய கவிஞர்களின் நரகப் பயணங்கள் என்று பக்கம் பக்கமாக விளக்கம் வந்துகொண்டே இருக்கிறது. பாதி இடத்தில் தோழியிடம் பேசுவது போலவும் பாதி இடத்தில் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. பீட்டரின் உடல்நிலை பற்றிய அத்தியாயம் வந்ததும் மறுபடி உயிர் வந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் எதிரியாக நினைக்கும்படி ஒரே மனிதர் எப்படி ஆட்டி வைத்தார் என்பது அங்கேதான் புரிகிறது. நாவலின் மிகச் சிறந்த இடம் அதுதான் என்று சொல்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்:

நான் வாசித்தது கொஞ்சம் பழையது, ஆனாலும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய ‘தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’. 2023இல் வெளிவந்து, ஹியூகோ போலவே இந்த வகை எழுத்துக்குத் தரப்படும் நெபுலா விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்றது. அடுத்த நாவல் ‘ரேக்ஸ்ஃபால்’ 2025இல் அர்சுலா லெ குவின் பரிசு பெற்றிருக்கிறது.

ஃபெட்டர் என்ற பிள்ளை பிறந்தவுடனேயே தாய் அவனுடைய நிழலை ஆணி கொண்டு பிடுங்கிவிடுகிறாள். நிழல் இல்லாததால் அவன் கால் நிலத்தில் நிற்காது. மறந்து நடந்தால் மேலே மிதந்து போவான். தகப்பன் ஒரு மதத்தின் மகான், உலகமே வணங்குகிறது. அவரைக் கொல்ல வேண்டும் என்று தாய் மகனை வளர்க்கிறாள். சித்தார்த்தர் விட்டுப் போன மகனின் பக்கத்திலிருந்து அந்தக் கதையைத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்று வாசிக்கிறவர்களுக்கு உடனே விளங்கும். ஒரு சிங்கள எழுத்தாளர் இதைத் தொட்டிருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஃபெட்டர் பெரிய நகரமான லூரியாத்துக்கு வந்து சேர்கிறான். அங்கே நீண்ட நாள் மூடியே கிடக்கும் கதவு ஒருநாள் ஒளிக்கதவு ஆகிவிடும், பிறகு அதைத் திறக்க முடியாது, பின்பக்கமும் இருக்காது. விதியால் தெரிந்தெடுக்கப்பட்டும் ஒன்றுக்கும் ஆகாமல் போனவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் அவன் சேருகிறான். இதுவரை ஒரு விசித்திரமான நகரக் கதை. ஆனால் அந்த நகரத்தில் மக்களை இனமாகவும் சாதியாகவும் பிரித்து வைத்திருக்கும் பதிவுகள், மத ஊர்வலத்துக்குப் பின்னால் வரும் கும்பல், முகாமுக்குள் இன்னொரு முகாம், வெளியே போகத் தேவையான பத்திரம், இதெல்லாம் வரும்போது நான் ஒரு ஃபேண்டஸி நாவலை வாசிக்கவில்லை. மதுரை அண்ணா கேட்ட ‘யாருடைய உத்தரவு’ என்ற கேள்விக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு பதிலும் நேராகக் கிடைக்காது, ஏனென்றால் அங்கே உத்தரவு போட்டவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. வரிசையில் நிற்கச் சொல்வார்கள், நிற்போம். சோதனைச்சாவடிகளில் நின்று வளர்ந்த எங்களுக்கு அந்த வரிசை நன்றாகத் தெரியும்.

ஒரு குறையும் உண்டு. ஃபெட்டர் எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்க்கிறான். கலவரத்தில் சாகிறவர்களின் பெயர் எங்களுக்குத் தெரிய வருவதில்லை. சாகிறவர்களின் வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்ட ஒரு ஃபேண்டஸி நாவல் வர வேண்டும், தமிழில் வந்தால் இன்னும் நல்லது. முதல் நூறு பக்கம் மெதுவாகப் போகும், விட்டுவிடாதீர்கள். கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது யார் என்று தெரியும் இடத்தில் நான் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

கோவையிலிருந்து ஒரு வாசகி:

எல்லாரும் அலுவலகம், கைடு, முகாம் என்று எழுதுகிறீர்கள். அவை எல்லாம் நல்ல புத்தகங்கள்தான், ‘தி டெய்ண்டெட் கப்’ எனக்கும் பிடித்தது. ஆனால் கூலியும் உத்தரவும் சொல்லும் கதைதான் வேண்டும் என்று மதுரை அண்ணன் சொல்வதை ஏற்க மாட்டேன். தஷன் மேத்தாவின் ‘மேட் சிஸ்டர்ஸ் ஆஃப் எசி’ படித்துப் பாருங்கள். இந்தியாவில் 2023இல் வந்தது, 2025இல் அமெரிக்காவிலும் வெளியானது. மியுங், லாலே என்று இரண்டு சகோதரிகள். ஒரு திமிங்கிலத்துக்குள் வாழ்கிறார்கள். அதன் வயிற்றுக்குள் எண்ணற்ற உலகங்கள். மியுங்குக்கு இந்தத் திமிங்கிலத்தை யார் படைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், வெளியே போகிறாள். லாலே போகவில்லை.

அவ்வளவுதான், கூடப் பிறந்தவள் ஒருத்தி வெளியே போவதும் இன்னொருத்தி அங்கேயே இருப்பதும். அதற்குள் தீவு, திருவிழா, அருங்காட்சியகக் குறிப்பு, நாடோடிக் கதை என்று ஆசிரியர் எங்கெங்கோ கூட்டிப் போகிறார். சில இடங்களில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. எனக்கும் என் அக்காவுக்கும் இடையில் அவள் கல்யாணமாகி வெளிநாடு போனதிலிருந்து இருக்கும் ஒரு மௌனம் உண்டு. யாரும் யாருக்கும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் இருக்கிறது. அதை ஒரு நாவல் இவ்வளவு பெரிய வானத்தில் விரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்கவில்லை. சம்பளமும் உத்தரவும் இல்லாத அந்த உலகத்தில் ஒருத்தி போவதற்கு இன்னொருத்தி என்ன விலை கொடுக்கிறாள் என்பது இருக்கிறது அண்ணா. நீங்கள் தேடும் கணக்குதான், வேறு ஏட்டில் எழுதியிருக்கிறது. இரவு படுக்கும் முன் இரண்டு பக்கம் என்று படித்தால் பிடிபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.