மூணு வாரம் இண்டக்‌ஷன் குடுத்தாச்சு, இன்னும் என்ன வேணும்னு கேக்கறவங்களுக்கு

சென்னிமலை தறிவீடு:
நேத்து இங்க ஒரு சார் எழுதியிருந்தாருங்க, "இன்ஜினியரிங்ல ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல வர்ற கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுது, புதுசா சேர்றவங்களுக்கு காலேஜப் பழக்க மூணு வாரம் இண்டக்‌ஷனும் நடத்தறோம், அப்பறமும் கிளாஸ்ல வாயத் தொறக்கலீன்னா அவங்க தப்பு"ன்னு. படிச்சதுல இருந்து மனசே ஆறலீங். 2022ல அந்த ஏழரைல சேர்ந்தவ நான், எங்க வீட்ல மொத டிகிரி. மொத வாரம் ஏசி ஹால்ல உக்கார வெச்சு இங்கிலீசுலயே பேசுனாங்க, ரெண்டாவது வாரம் யோகா, மூணாவது வாரம் ஒட்டுக்கா பஸ்ல ஏத்தி ஒரு கம்பெனிய சுத்திக் காட்டுனாங்க. இன்டர்னல் மார்க்குன்னா என்ன, அரியர் விழுந்தா எப்ப எழுதோணும், ரெக்கார்டுல யார்கிட்ட கையெழுத்து வாங்கோணும், ஒருத்தரும் சொல்லல.

கோவை வாத்தியார்:
எழுதுனது நான்தான். மூணு வாரம்ங்கிறது டெக்னிகல் காலேஜுங்களுக்கு விதி போடற ஏஐசிடிஇ வெச்ச கணக்கும்மா, நானா வெச்சதில்ல. 1993ல பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து நான் வந்தப்ப மூணு நாள்கூட கிடையாது. டிக்சனரிய வெச்சே படிச்சேன்.

சென்னிமலை தறிவீடு:
நீங்க கஷ்டப்பட்டா நாங்களும் படோணுமா சார்? பிளஸ் டூல வகையீடு, தொகையீடு நல்லாவே போடுவேன். இங்க டிஃபரன்சியேஷன்னதும் ஏதோ புதுசுன்னு நெனச்சு ரெண்டு மாசம் முழிச்சேன். வகையீடுதான் டிஃபரன்சியேஷன்னு சொல்ல உங்க மூணு வாரத்துல அஞ்சு நிமிசம் இல்லியா?

பவானி மாப்ள:
அப்ப தமிழ் மீடியம் எடுத்திருக்கலாமே? அண்ணா யுனிவர்சிட்டில 2010லயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்ல வந்துருச்சு. கவர்மெண்டோட புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூவா வேற.

சென்னிமலை தறிவீடு:
கம்ப்யூட்டர் படிக்க வந்தவள சிவிலுக்குப் போகச் சொல்றீங். ஆயிரம் ரூவா பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆச்சு, இல்லீங்கல. அது கிளாஸ்ல எந்திரிச்சு டவுட் கேக்க வெக்குமா? போன மாசம் தறிக்கூலி பேச்சுலயும் நீங்க இப்படித்தான் குறுக்க வந்தீங்க, மறக்கல.

பவானி மாப்ள:
தறிக்கூலிய எதுக்கு இழுக்கறீங்? அன்னிக்கு நாஞ்சொன்னதுதான் சரி. ஓனருங்க பாடு உங்களுக்குத் தெரியாது.

சென்னிமலை தறிவீடு:
எங்கப்பன் முப்பது வருசமா கூலிக்கு ஓட்டறாருங்க, எனக்கா தெரியாது?

தாளவாடி தம்பி:
அண்ணா, அக்கா, சண்டைய நிறுத்துங்க. நான் மிச்ச சீட்டுக்கு கடைசியா நடக்கற துணைக் கலந்தாய்வுல சேர்ந்தவன். திம்பம் மலைப்பாதைல 27 வளைவும் எறங்கி காலேஜுக்கு வந்து சேர்றப்ப அந்த மூணு வாரமே முடிஞ்சுபோச்சு. ஹாஸ்டல்ல எல்லாரும் செட்டு செட்டா சேர்ந்துட்டாங்க. லேப்ல எனக்கு ஜோடியே இல்லீங், தீபாவளி லீவுக்குப் போனவன் திரும்பி வரவே வேண்டாம்னு இருந்தேன்.

கோவை வாத்தியார்:
கடைசில வந்தா காலேஜ் என்ன தம்பி பண்ணும்? மூணு வாரம் நடத்துனமா இல்லியா, அதுக்குப் பதில் சொல்லுங்க.

சென்னிமலை தறிவீடு:
கடைசி ரவுண்டுல சீட்டு குடுத்தது அவனா சார்? யாருக்கு ரொம்பத் தேவையோ அவன் வர்றதுக்குள்ள முடிச்சுட்டு, மூணு வாரம் மூணு வாரம்னா எப்படிங்? வருசம் பூரா வழி சொல்ல ஒரு சீனியரத் தொணைக்கு விடுங்கன்னுதானே கேக்கறோம்.

கோவை வாத்தியார்:
சீனியரக் கூட விட்டா ராகிங்னு கம்ப்ளைண்ட் வரும், அப்ப நீங்களா வந்து நிப்பீங்க? மூணு வாரம் நடந்துச்சு, அட்டெண்டன்ஸ் இருக்குது. நாளைக்கு போட்டோ எடுத்துப் போடறேன்.

சென்னிமலை தறிவீடு:
போடுங்க சார். கடைசி ரவுண்டுல சேர்ந்த பசங்க எத்தன பேரு அதுல இருக்காங்கன்னு எண்ணிப் பாக்கறேன்.