கீரியைப் பார்த்து “பெரிய அணில்” என்கிறாள் என் மகள்

வெயில்நிலா:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் அடுக்குமாடி வீடு, மகளுக்கு 5 வயது. சிங்கம், வரிக்குதிரை, பென்குவின், கோலா என்று படப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் கடகடவென்று சொல்லுவாள். போன வாரம் விருதுநகர் பக்கம் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். வைக்கோல் படப்பை ஒட்டி ஒரு கீரி ஓடியது, இவள் “அம்மா, பெரிய அணில்!” என்று கத்தினாள். அண்ணன் மகனுக்கு 6 வயதுதான், அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, “கீரி அங்க சுத்துதுன்னா பாம்பு இருக்கும், செருப்ப மாட்டிக்கோ” என்றான். அவனிடம் பென்குவின் படத்தைக் காட்டினால் வாத்து என்கிறான், அது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மற்ற நாட்டுக் குழந்தைகளும் இப்படித்தானா? இதற்குக் கவலைப்பட வேண்டுமா?

ஓடைக்கரை:
எல்லா ஊரிலும் நடப்பதுதான் சகோதரி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் 4 முதல் 11 வயது வரை 109 பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள், 2002-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் என்ற கார்ட்டூன் விளையாட்டின் உருவங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள், சொந்த ஊர் உயிரினங்களில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. ஞாபகசக்தியில் குறையே இல்லை. கண்முன்னால் எதைக் காட்டுகிறோமோ அது பதிகிறது, அவ்வளவுதான்.

தும்பி:
பெயர் தெரியாதது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை அக்கா. அந்தப் பையன் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். கீரி, பாம்பு, செருப்பு, மூன்றையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டுவிட்டான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனாமினி என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள், காடும் மீன்பிடிப்புமாக வாழ்கிறவர்கள், கரடி, கழுகு, ஓநாய் என்று குலங்களுக்கே விலங்குகளின் பெயர். டக்ளஸ் மெடின், ஸ்காட் ஏட்ரன் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் அந்தக் குழந்தைகளையும் பாஸ்டன் நகரக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2003-இல் எழுதினார்கள். தேனீயின் உடம்புக்குள் ஒரு பொருள் இருக்கிறது, கரடிக்குள்ளும் அது இருக்குமா என்பது மாதிரியான கேள்விகள். நகரத்துச் சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் மனிதனை வைத்தே எல்லா விலங்கையும் அளந்தார்கள். மெனாமினிப் பிள்ளைகளோ, இருக்கும், தேனீ கரடியைக் கொட்டியிருக்கும், இல்லாவிட்டால் கரடி தேனைத் தின்றிருக்கும் என்ற ரீதியில் யோசித்தார்கள். நம் பாட்டிகள் “தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை” என்று சொல்லிக்கொடுத்ததும் இதே வகை அறிவுதான். உங்கள் மகளுக்கு வர வேண்டியது இந்தத் தொடர்பு. பட்டியல் ஏற்கெனவே வந்துவிட்டது.

கடலோரம்:
தும்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நகரத்துப் பிள்ளையை ஒன்றும் தெரியாதவள் என்று ஒதுக்கவும் முடியாது. ஈக்வடாரின் அமேசான் பகுதியில் இருக்கும் ஷுவார் பழங்குடிக் குழந்தைகளிடமும் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகளிடமும், அவர்கள் பார்த்தே இராத விலங்குகளின் படங்களைக் காட்டி, பெயர் என்ன, என்ன தின்னும், ஆபத்தானதா என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெயரை விட ஆபத்துதான் நன்றாக நினைவில் இருந்தது. ஆக, பிடித்துக்கொள்ளும் திறன் எல்லாக் குழந்தைக்கும் உண்டு, பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டும். ஒரு உயிரை வளர்த்தாலும் பலன் உண்டு. ஜப்பானில் கயோகோ இனாகாகி செய்த ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், பழக்கமே இல்லாத தவளையைப் பற்றியும் சரியாக ஊகித்தார்கள், என் மீன் வளர்ந்த மாதிரி இதுவும் பெரிதாகிவிடும் என்று. சின்ன வயதில் நான் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திருந்தேன், கருவேல இலை போட்டு, காலையில் எழுந்ததும் முட்டை இட்டிருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன். எது தின்னும், எது தின்னாது என்று அதில் கற்றுக்கொண்டது இன்றும் மறக்கவில்லை.

வெயில்நிலா:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா இரண்டு முட்டை இட்டிருக்கிறது, கலைத்துவிடலாம் என்று இருந்தேன். நேற்று மகளை ஸ்டூலில் ஏற்றிக் காட்டினேன். குஞ்சு பொரிக்கக் கிட்டத்தட்ட 18 நாள் ஆகும் என்றதும் காலண்டரில் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “காக்கா வந்தா அம்மாப் புறா என்னம்மா பண்ணும்?”