கால்பந்து நடுவர் தேர்வில் மறக்க முடியாத ஒரு நிமிடம்: உங்கள் அனுபவம் என்ன?

தூத்தூர்க்காரன்
எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறைக்காக ஊர்த் திருவிழா ஆட்டமொன்றில் விசில் ஊத நின்றேன். த்ரோ-இன், அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் பந்து, நேராகப் பெனால்டி பகுதிக்குள் தனியாக நின்ற முன்கள வீரனிடம் போனது; நான் ஆஃப்சைடு (எதிரணிக் காவலர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கும் தவறு) என்று ஊதிவிட்டேன். ஊதிய பிறகுதான் பந்து வலைக்குள் போனது. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை என்று பத்து நாளுக்கு முன்புதான் விடைத்தாளில் எழுதியிருந்தேன். எல்லைக் கோட்டருகே வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கோபமே இல்லாமல், "மக்கா, எறிஞ்ச பந்துக்கு ஆஃப்சைடு உண்டா?" என்று கேட்டார். தவறு புரிந்தும், வெட்கத்தில் ஃப்ரீ கிக்கையே எடுக்கச் சொன்னேன். அவர்களின் கோலைப் பறித்துவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

வடசேரி நடையன்
எனக்கு உறுத்துவது ஒரு காலடி. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உடற்தகுதித் தேர்வு. 40 மீட்டர் விரைவோட்டம் ஆறும் முடிந்து, 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று 40 முறை, அதாவது 400 மீட்டர் தடத்தில் பத்துச் சுற்று. 31-ஆவது ஓட்டத்தில், 15 விநாடி முடிந்து விசில் ஒலித்தபோது என் ஒரு கால்கூட நடைப் பகுதியை எட்டவில்லை, ஒரு காலடி பாக்கி. முதல் முறை எச்சரிக்கை. அடுத்த ஓட்டத்திலும் அதே கதை, வெளியே வந்துவிட்டேன். மூன்று மாதம் கடற்கரை மணலில் ஓடிப் பயிற்சி செய்தவன் நான்.

பழைய கோல்கீப்பர்
தூத்தூர்க்காரருக்கு: நீங்கள் கோலைப் பறிக்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டும் முன்பே விசில் ஒலித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிட்டது, ஆகவே எந்த நடுவராலும் அந்தக் கோலைக் கொடுக்க முடியாது. கொடுத்திருக்க வேண்டியது காக்கும் அணியின் கோல்கீப்பருக்கு டிராப் பால், அதாவது நடுவர் பந்தை அவர் முன் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. ஃப்ரீ கிக் எடுக்கும் முன் தீர்ப்பை மாற்றவும் உங்களுக்கு உரிமை இருந்தது. எடுத்த பிறகு இல்லை. நடையனுக்கு: மணலில் ஓடினால் தொடை வலுப்படும், ஆனால் 15 விநாடி என்ற தாளம் கால்களில் பதியாது. தடத்தில், ஒருவரை விசில் ஊதச் சொல்லி ஓடுங்கள்.

புதிதாக வருபவர்கள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் பெயர் கொடுத்து, நடுவர் பயிற்சி எப்போது என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். 17 விதிகளையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு விதிக்கும் "ஆட்டம் நின்றால் எப்படித் தொடங்குவது?" என்ற கேள்வியைக் கேட்டுப் படியுங்கள், தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். 2019-இல் மாறியவற்றைத் தனியாகப் பாருங்கள், ஏனெனில் கோல் கிக் பெனால்டி பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று இன்றும் வாதாடும் பயிற்சியாளர்கள் நம் கரையில் உண்டு. கைக்கடிகாரம் இரண்டு கட்டுங்கள். சொந்த ஊர் ஆட்டத்தை ஏற்காதீர்கள். நான் ஒருமுறை ஏற்று, மைத்துனனுக்கு மஞ்சள் அட்டை காட்டியதில் ஓராண்டு பேச்சுவார்த்தை இல்லை.

மணக்குடி மகள்
அறிவுரை முடிந்ததா, அண்ணா? என் கதை சிறியது. டாஸுக்கு வந்த அணித்தலைவர் என் துணை நடுவர்கள் இருவருக்கும் கைகொடுத்துவிட்டு, "ரெஃப்ரி எங்கே?" என்று என்னிடமே கேட்டார். நாணயம் என் உள்ளங்கையில் இருந்தது. திண்டுக்கல் ரூபாதேவி ஃபிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியல் வரை போய்விட்டார். இங்கே இன்னும் இந்தக் கேள்விதான். பதில் சொல்லாமல் நாணயத்தைச் சுண்டினேன்.

தூத்தூர்க்காரன்
கோல்கீப்பர் அண்ணனின் விளக்கம் சரிதான், ஆனால் உறுத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை: திருத்த நேரம் இருந்தும் திருத்தவில்லை என்று ஆகிவிட்டதே. வரும் வாரம் அதே மைதானத்தில் துணை நடுவராகக் கொடி பிடிக்கிறேன். அந்தப் பெரியவர் உட்காரும் பக்கம்தான்.