அம்மாவின் ஊசிக்குப் போன தசமபாகம்

ரூத்_நெல்லை:
என் சம்பளம் 28,000. வேலையில் சேர்ந்ததிலிருந்து அதில் பத்தில் ஒரு பங்கான 2,800-ஐச் சபைக்கான தசமபாகக் கவரில் போட்டு வந்தேன். இப்போது அம்மாவுக்கு டயாலிசிஸ். அது காப்பீட்டில் ஓடுகிறது. ரத்தம் ஏறப் போடும் ஊசியும் ஆட்டோவும் கைக்காசு. கவரில் போட எதுவும் மிஞ்சுவதில்லை. சபை மூப்பர் ஒருவர், "கர்த்தருடைய பணத்தில் கை வைக்கிறீர்கள்" என்றார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கானான்_பிரதர்:
சிஸ்டர், வருத்தப்படாதீர்கள். பைபிளில் மல்கியா 3:10 தசமபாகத்தை ஆலயப் பண்டகசாலைக்குக் கொண்டுவரத்தான் சொல்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணம் வருமுன்பே ஆபிரகாம் ஆசாரியனான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தார். முதலில் தேவனுக்கு, அப்புறம்தான் நமக்கு.

பழைய_வாத்தியார்:
ஆபிரகாம் கொடுத்தது போரில் கிடைத்த கொள்ளையில் பிரதர், மாதச் சம்பளத்தில் இல்லை. மல்கியாவைப் பிடித்துக்கொள்பவர்கள் உபாகமம் 14-ஐ ஏன் தாண்டிப் போகிறார்கள்? மூன்றாம் வருஷத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைக்க வேண்டும். ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். மாற்கு 7-ல் இயேசு யாரைக் கண்டித்தார்? பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை. மூப்பர் அந்த அதிகாரத்தைப் படித்தால் நல்லது.

கானான்_பிரதர்:
வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்தவர்களிடம் "நிறுத்துங்கள்" என்றா இயேசு சொன்னார்? நீதி, இரக்கத்தோடு அதையும் விடாதிருங்கள் என்றார். மத்தேயு 23:23. உங்கள் வழியில் போனால் எல்லோர் வீட்டிலும் ஓர் ஊசி இருக்கும் ஐயா. போனுக்கும் பைக்குக்கும் தவணை தவறாதவர்கள் தசமபாகத்தில் மட்டும் சலுகை கேட்கிறார்கள். ரூத் சிஸ்டரைச் சொல்லவில்லை.

பாஸ்டர்_மகன்:
வாத்தியார் ஐயா, உங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஐயருக்கு, பல சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம் சம்பளம் தருகிறது. (நெல்லைப் பக்கம் குருவானவரை ஐயர் என்போம், மற்ற ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) என் அப்பாவுடையது தனிச்சபை. காணிக்கைப் பையில் விழுந்தால்தான் வீட்டு வாடகை. பங்கு வராததால் லேவியர்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று நெகேமியா 13-ல் இருக்கிறதே, அது எங்களுக்குக் கதை இல்லை. யாராவது யூடியூபில் 'தசமபாகம் பழைய ஏற்பாடு' என்று பேசினால், அந்த மாதம் எங்கள் மளிகைக்கடைப் பற்று ஏறும். ஆனால் ரூத் அக்கா, என் அப்பாவாக இருந்தால் அந்தக் கவரை உங்கள் கையிலேயே திருப்பித் தந்திருப்பார். மூப்பர் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்கு வந்தாரா?

பழைய_வாத்தியார்:
தம்பி, ஊழியக்காரன் பிழைப்பு நியாயமானது, 1 கொரிந்தியர் 9-ஐ நான் மறுக்கவில்லை. மிரட்டி வாங்குவதைத்தான் சொல்கிறேன். எங்கள் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு சேவல் ஐயாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் பெயர் மைக்கில் திரும்பத் திரும்ப வரும். அதில் நோயாளி வீடுகளுக்கு எவ்வளவு போகிறது என்று கமிட்டியில் கேட்டேன். உடனே முடிவு ஜெபம் செய்துவிட்டார்கள்.

ரூத்_நெல்லை:
சொல்லவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டீர்கள் கானான் பிரதர். மூப்பர் வரவில்லை தம்பி. பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமார் இரண்டு பேர் கஞ்சியோடு வந்தார்கள். அம்மாவோ, "வெறுங்கையாய்ப் போகாதே, நூறாவது போடு" என்கிறார். இந்த ஞாயிறு நூறு போடுகிறேன். மிச்சம் ஊசிக்கு.

கானான்_பிரதர்:
அம்மாவுக்காக ஜெபிக்கிறேன் சிஸ்டர். ஆனால் நூறு தசமபாகம் ஆகாது.