பொருள்: காரின் மேல் படியும் ஸ்னோ, ஐஸ், ஃபிராஸ்ட்: மூன்றுக்கும் 'பனி' ஒன்றே போதுமா?

இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்காலத்தில் காரை எடுக்குமுன் அதன் மேலுள்ள பனியை எப்படி அகற்றுவது என்று நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய தமிழ்ப் பதிப்பு ஒன்று உண்டு. அதில் எங்கு பார்த்தாலும் 'பனி'தான். "பனியைச் சுரண்டி அகற்றவும்" என்று ஒரு வரி. போன குளிர்காலத்தில் என் மாமா அதைப் படித்துவிட்டு, பானட் மேல் பஞ்சுபோலக் கிடந்த ஸ்னோவைக் கண்ணாடிக்கு வைத்திருந்த ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டார். பெயின்ட் முழுக்கக் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. அவர் மேல் தவறில்லை, எழுதியிருந்ததைத்தான் செய்தார்.

ஸ்னோவைப் பிரஷால் தள்ள வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஐஸைத்தான் சுரண்ட வேண்டும். ஃபிராஸ்ட், அதாவது கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது, மெல்ல ஒரு தடவை இழுத்தாலே போய்விடும். மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். கூடவே ஸ்கிரேப்பர், பிளாக் ஐஸ் (சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடப்பது) இரண்டுக்கும்.

புலவர் ஐயா:

அம்மா, 'பனி'யைக் குறை சொல்ல வேண்டாம். புறநானூற்று ஆறாம் பாட்டே "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்றுதான் தொடங்குகிறது. இமயத்தின் மேல் கிடப்பது வேறென்ன? ஸ்னோவுக்குப் பனி என்பது நேற்று வந்த வழக்கு அன்று. பனித்தல் என்றால் நடுங்குதல். "பனிஅரும்பிப் பைதல்கொள் மாலை" என்ற குறளில் பனி என்பது நடுக்கம்தான். தொட்டால் நடுங்கவைப்பது பனி. காரணப்பெயர், இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது.

ஐஸுக்கு 'ஆலி' என்று வையுங்கள். சங்கப் பாடல்களில் உள்ள சொல். 'ஆலங்கட்டி'யில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டே எழுத்து. கையேட்டில் இடமும் மிச்சம்.

வண்டி ஓட்டும் தம்பி:

ஐயா, மன்னிக்க வேண்டும். ஆலி என்றால் வானத்திலிருந்து கட்டியாக விழுவது. கண்ணாடியில் இறுகிக் கிடப்பது விழுந்ததே அல்ல. உருகிய ஸ்னோவோ மழைநீரோ அங்கேயே உறைந்தது. 'கண்ணாடியில் ஆலி' என்று படித்தால் ஆலங்கட்டி மழையில் கண்ணாடி உடைந்துவிட்டது என்றுதான் நான் நினைப்பேன்.

ஃபிராஸ்ட் இன்னும் வேறு. காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே நேராகக் கண்ணாடியில் படிகமாகப் படிகிறது. மேகமில்லாத இரவில் கண்ணாடி வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் காற்று 2 அல்லது 3 டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடி வெளுத்திருப்பதைப் பார்க்கலாம். ஆக ஒன்று பொழிவது, ஒன்று படிவது, ஒன்று உறைவது. பொழிபனி, படிபனி, உறைபனி என்று வைத்தால் என்ன? 'மூடுபனி' ஏற்கெனவே இருக்கிறதே.

தமிழாசிரியை அக்கா:

வரிசை அழகாக இருக்கிறது தம்பி, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. 'உறைபனி' என்பதைச் செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாக ஃபிராஸ்டுக்கு எழுதுகின்றன. புல் நுனியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அது. அந்தச் சொல்லை எடுத்து ஐஸுக்குக் கொடுத்தால் வாசகருக்கு இரட்டைக் குழப்பம். அப்புறம் 'பொழிபனி' வினைத்தொகை. பொழிந்த, பொழிகின்ற, பொழியும் என்று மூன்று காலமும் காட்டும். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே தள்ளச் சொல்கிறார்களா, நின்ற பிறகா என்று கேட்பார்கள். காரின் மேல் கிடப்பதற்கு 'வெண்பனி' போதும்.

ஐஸுக்குப் 'பனிக்கட்டி'. குழந்தைக்கும் தெரிந்த சொல்.

புலவர் ஐயா:

பனிக்கட்டி என்றதும் குவளையில் மிதக்கும் துண்டுதான் நினைவுக்கு வரும். ஒரு மில்லிமீட்டர் ஏடாகப் படர்ந்ததைக் கட்டி என்பது எப்படி?

'உறை' என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லியாக வேண்டும். பழந்தமிழில் உறை என்றால் மழைத்துளி. பால் உறைவதும் இரத்தம் உறைவதும் உறை. வாளை மூடுவதும் உறை. ஓரிடத்தில் தங்குவது உறைதல். துளியாக விழுந்து, தங்கி, இறுகி, மூடியாவது இந்த ஐஸ் ஒன்றுதான்! நான்கு பொருளும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். 'உறை' என்றே வையுங்கள். கண்ணாடி உறை. எவ்வளவு நிறைவு!

வண்டி ஓட்டும் தம்பி:

ஐயா, 'கண்ணாடி உறையை அகற்றவும்' என்றால் கடையில் விற்கும் துணி உறையைத்தான் கழற்றுவார்கள். ராத்திரியே கண்ணாடிமேல் போட்டுவைக்க அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது.

எனக்குப் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் முக்கியமாகப் படுகிறது. காலை ஆறரைக்கு இருட்டில் கைவிரல் மரத்துப்போய் நிற்பவருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும். தமிழில் அதற்கு வினைக்குப் பஞ்சமா? பொடியாகக் கிடந்தால் தட்டு. குவிந்திருந்தால் தள்ளு. ஈரச்சேறாக இருந்தால் வழி. இறுகி ஒட்டியிருந்தால் சுரண்டு. விளிம்பு கிளம்பித் தகடாக வந்தால் பெயர்த்தெடு. பழைய கையேடு இந்த ஐந்தையும் 'சுரண்டு' ஒன்றில் அடைத்ததுதான் மாமாவின் பானட்டைக் கெடுத்தது.

கூரையை மறக்க வேண்டாம். பலர் கண்ணாடியில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். 2 சதுர மீட்டர் கூரையில் 20 செ.மீ. புதுப்பனி என்றால், கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 40 கிலோ. பிரேக் போட்டதும் அது மொத்தமும் முன்கண்ணாடியில் சரியும். வேகமாகப் போனால் தகடாகப் பறந்து பின்னால் வருபவர் மேல் விழும்.

தமிழாசிரியை அக்கா:

தம்பி சொல்வதுதான் சரி. நான் இதுவரை பெயரோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கருவிக்கும் வழி கிடைத்துவிட்டது: சுரண்டுவது 'சுரண்டி'. வழிப்பான், செதுக்கி எல்லாம் வேண்டாம். செதுக்கினால் கண்ணாடியில் கீறல் விழும்.

'சுரண்டல்' என்றால் உழைப்பைச் சுரண்டுவது நினைவுக்கு வருமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். சுரண்டல் வேறு, சுரண்டி வேறு. கையில் பிடிக்கும் பொருளைச் சொல்லும்போது யாருக்கும் அந்த நினைவு வராது.

இளையவர் ஒருவர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் எல்லாரும் ஸ்னோ, ஐஸ் என்றுதான் சொல்கிறோம். 'ஐஸ்' தமிழர் வாயில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. பாதுகாப்புக் கையேட்டில் ஏன் இந்தச் சோதனை?

புலவர் ஐயா:

பாதுகாப்புக் கையேட்டில் தமிழ் வராவிட்டால் வேறெங்கே வரும் தம்பி? கவிதையில் மட்டும் வாழும் மொழி அருங்காட்சியகத்தில் இருப்பதற்குச் சமம்.

இழையைத் தொடங்கியவர்:

பிளாக் ஐஸை யாருமே தொடவில்லை. பழைய பதிப்பில் 'கருப்புப் பனி'. அது கருப்பே இல்லை. மெல்லிய, ஒளி ஊடுருவும் ஏடு. அடியிலுள்ள சாலை தெரிவதால்தான் கருப்பாகத் தோன்றுகிறது. கருப்பாக எதையோ தேடிக்கொண்டு ஓட்டினால் சறுக்கித்தான் போவார்கள்.

தமிழாசிரியை அக்கா:

'தெரியாப் பனி'? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஓசையும் நன்று.

வண்டி ஓட்டும் தம்பி:

எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பனி என்றும் படிக்கலாமே அக்கா. 'கண்ணாடிப் பனி' என்றால் முன்கண்ணாடியில் படிந்தது என்று ஆகிவிடும். எனக்கும் நல்ல சொல் அகப்படவில்லை.

இழையைத் தொடங்கியவர்:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஸ்னோ வெண்பனி. ஃபிராஸ்ட் உறைபனி. ஐஸ் பனிக்கட்டி, முதல் இடத்தில் மட்டும் "கண்ணாடியில் ஒட்டி இறுகிய பனிக்கட்டி" என்று விரித்திருக்கிறேன், ஐயா சொன்ன குறை நியாயம் என்பதால். பக்கத்திலேயே 'ஐஸ்' என்றும் போட்டிருக்கிறேன். கருவி சுரண்டி. தம்பியின் ஐந்து வினைகளும் அப்படியே உள்ளன. பெயின்ட் மேல் தட்டு, தள்ளு இரண்டு மட்டும்தான்.

வெந்நீர் ஊற்றக் கூடாது, திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும் என்பதற்கும், இன்ஜினை ஓடவிடுமுன் புகைக்குழாய் வாயை அடைத்த வெண்பனியை நீக்க வேண்டும் என்பதற்கும் தனிப் பெட்டி போட்டாயிற்று. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதைத் தடித்த எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

பிளாக் ஐஸுக்குச் சொல் வைக்கவில்லை. "சாலை நனைந்ததுபோலத் தெரியும், ஆனால் உறைந்திருக்கும்" என்று எழுதிவிட்டேன்.

புலவர் ஐயா:

நல்லது அம்மா. மாமா படித்துப் பார்த்துச் சொல்லட்டும். ஆனாலும் 'பனிக்கட்டி'க்கு நான் இசையவில்லை என்பதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும். மறுபதிப்பு வருமானால் 'ஆலி'க்கு மீண்டும் எழுதுவேன். 'நனைந்ததுபோல்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து 'பொய்யீரம்' என்ற சொல் மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார்?