பழைய போட்டோவுல கார் டயர் வெள்ளையா இரிக்கு, ஏன்?

வாவிக்கரை:
வணக்கம். போன கிழமை மட்டக்களப்பு ஆரையம்பதியில அம்மம்மாட பெட்டகத்தத் துப்பரவாக்கக்குள்ள ஒரு போட்டோ கிடைச்சிச்சு, போடியார் ஒருத்தர், அதான் வயல்காணி கூட வச்சிருக்கிற பெரிய ஆள், தலப்பாவோட நிக்காரு, பக்கத்துல துணிக்கூரையப் பின்னால மடிச்சு விட்ட ஒரு கார், சில்லெல்லாம் மரக்கால் வச்சது, பாத்தா வண்டில் சில்லு மாதிரியே. எனக்கு விளங்காத விசயம் என்னண்டா டயர் வெள்ளையா இரிக்கு. சுண்ணாம்பு பூசினாப்போல. மச்சான் சொல்றான் போட்டோக்காரன் பிறகு கையால பூசியிருப்பாண்டு, மாமா சொல்றாரு அது டயரே இல்ல, மரத்துக்கு மேல துணி சுத்தினதாம். டயரும் சரியான ஒல்லி, மோட்டர்சைக்கிள் டயரளவுதான் வரும். இது என்ன கார், ஏன் வெள்ளை? போட்டோவ வெளிய போட வீட்டாக்களுக்கு விருப்பமில்ல, கேட்டா விவரம் சொல்றன்.

பழைய இரும்பு:
தம்பி, மச்சானும் பிழை மாமாவும் பிழை. டயர்தான், நிறமும் வெள்ளைதான். றப்பர் மரத்துல வடியிற பால் என்ன நிறம்? அத காய வச்சா வெளிறின மஞ்சளா வரும், அதுக்குள்ள துத்தநாக ஒக்சைட்டு கலக்கிறது, அது வெள்ளைத் தூள், அதனால அந்தக் காலத்து டயர் வெள்ளையாவோ சாம்பலாவோதான் வந்த. கறுப்பு பிறகு வந்தது. 1904ல லண்டன் சில்வர்டவுன்ல ஒரு றப்பர் கம்பனியில புகைக்கரியப் போட்டுக் கலந்து பாத்திருக்காங்க, நம்ம வீட்டு விளக்குச் சிமினியில பிடிக்கிற கரி மாதிரிச் சாமான்தான், போட்டதும் றப்பர் இழுவைக்கும் தேய்மானத்துக்கும் நிண்டு பிடிக்கத் தொடங்கிற்று. வெயிலுக்கு வெடிக்கிறதும் குறைஞ்சிச்சு. ஆனா உடன எல்லாரும் மாறல்ல, அமெரிக்காவுல குட்ரிச் கம்பனி 1912 மட்டுல பெரிசா எடுத்த பிறகுதான் மத்தவனும் மாறினான். இண்டைக்கு ஒரு கார் டயர்ல நாலுல ஒரு பங்குக்குக் கிட்ட இந்தக் கரிதான். வெள்ளை டயரெண்டா உங்கட போட்டோ நல்ல பழசு.

அக்கரை நானா:
எனக்கொரு சந்தேகம், இது காத்தடிச்ச டயரா கட்டி டயரா? எங்கட வாப்பாட மொறிஸ் மைனருக்கு பஞ்சர் ஒட்டி ஒட்டி டியூபே தெரியாம ஒட்டுத்துண்டு மட்டும்தான் மிஞ்சி இரிந்த, அதுக்கு முந்தின ஆக்கள் என்ன பாடு பட்டிரிப்பாங்களோ.

பழைய இரும்பு:
நானா கேட்டது நல்ல கேள்வி. கார் பிறக்கக்குள்ள காத்து இல்ல. 1886ல பென்ஸ் பேட்டன்ட் எடுத்த மூணு சில்லு வண்டிக்கு கம்பிச் சில்லும் கட்டி றப்பரும்தான், அவர்ர பெண்சாதி பெர்த்தா 1888ல புள்ளயள் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு மன்ஹைம்ல இருந்து போர்ஸ்ஹைம் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஓடினதும் அந்த மாதிரிச் சில்லுலதான், முதுகு என்ன பாடு பட்டிருக்கும். அதே 1888லதான் பெல்பாஸ்ட்ல மாட்டு வைத்தியர் டன்லப் மகன்ட மூணு சில்லு சைக்கிளுக்கு காத்து டயர் செஞ்சாரு. பாவம், அவர்ர பேட்டன்ட் பிறகு நிக்கல்ல, ஏனெண்டா தொம்சன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1845லயே அத எடுத்து வச்சிட்டாரு, அப்ப கார் என்ன, சைக்கிளே ஒழுங்கா இல்ல.

காருக்குக் காத்து டயர் போட்டு ஓட்டத்துக்கு விட்டது மிஷ்லன் அண்ணன் தம்பி. 1895ல பாரிஸ்ல இருந்து போர்டோ போய் திரும்புற ஓட்டம், 1178 கிலோமீட்டர். கொண்டுபோன 22 டியூபும் முடிஞ்சு போச்சாம். முதலாவதா வந்த லெவசோர் கட்டி டயர்ல 48 மணித்தியாலம் 48 நிமிசத்துல வந்து சேர்ந்திட்டாரு, இவங்க நூறு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தாங்க. சனம் சிரிச்சிருக்கும். ஆனா கொஞ்ச வருசத்துல எல்லாக் காரும் காத்துக்கு மாறிற்று, கட்டி டயர் லொறிக்கும் பஸ்சுக்கும் போச்சு.

டயர்கட பொடியன்:
நான் தொழில்ல இரிக்கிறவன், ஒரு விசயம் சொல்றன். அந்த ஒல்லி டயர்ல 60 பவுண் அமுக்கம் வரைக்கும் காத்தடிக்கணும், இப்ப நாம காருக்கு 30, 32தான் அடிக்கிற. ரெண்டு காரணம். ஒண்டு, ஒல்லியெண்டா உள்ளுக்க காத்துக்கு இடம் கம்மி, பாரம் தாங்கணுமெண்டா அமுக்கம் கூட வேணும். மத்தது, அந்தக் காலத்து டயர் விளிம்புல இப்ப மாதிரி இரும்புக் கம்பி இல்ல, றப்பர் விளிம்பு ரிம்முட கொக்கிக்குள்ள மாட்டி இருக்கும், உள்ள இருக்கிற காத்துதான் அத இறுக்கிப் பிடிக்கும். காத்து குறைஞ்சா வளைவுல டயர் கழண்டு டயர் ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம். சில்லும் கழராது, ரோட்டுலயே குந்தியிருந்து லெவர் போட்டு டயரக் கிளப்பி டியூப ஒட்டி கைப்பம்பால 60 அடிக்கணும், நினைச்சாலே கை நோகுது. இந்தியாப் படத்துல மேலதிகச் சில்ல ஸ்டெப்னி ஸ்டெப்னிண்டு சொல்லுவாங்களே, அது இந்தக் கஷ்டத்துல பிறந்த சாமான், வேல்ஸ்ல ஸ்டெப்னி தெருவுல இரிந்த கடை 1904ல வித்தது, ஆரக்கால் இல்லாத ரிம்முல டயரப் பூட்டி காத்தடிச்சு வச்சிருப்பாங்க, பஞ்சரான சில்லுக்குப் பக்கத்துல அதக் கவ்வ வச்சு ஓட வேண்டியதுதான்.

வாவிக்கரை, முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா? நல்லா உத்துப் பாருங்க.

வாவிக்கரை:
பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தன். வெளிவட்டம் ரெண்டும் ஒரே உயரம், ஆனா முன் டயர் இன்னும் ஒல்லி, உள்ளுக்க ரிம் கொஞ்சம் பெரிசு. ரேடியேட்டர் பளபளண்டு இரிக்கு. ஸ்டியரிங் வலப்பக்கம். முன்னுக்குக் கீழ சுத்துற கைபிடி தொங்குது.

டயர்கட பொடியன்:
அப்ப போர்ட் மொடல் டி தான் அது!! வெளிவட்டம் ரெண்டும் 30 அங்குலம், டயர்ர தடிப்பு முன்னுக்கு 3, பின்னுக்கு மூண்டரை அங்குலம், அதனாலதான் முன் ரிம் பெரிசாத் தெரியுது.

பழைய இரும்பு:
பொடியன் விண்ணன். நானும் ஒத்துக்கொள்றன். பளபளக்கிற பித்தளை ரேடியேட்டர் 1916 வரைக்கும்தான், 1917 மொடல்ல இருந்து கறுப்பு. வலப்பக்க ஸ்டியரிங் எண்டா பெரும்பாலும் கனடா போர்ட், பிரித்தானியா தவிர்ந்த, வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளுக்கு அங்கயிருந்துதான் அனுப்பின. இன்னொண்டு யோசிங்க, மட்டக்களப்பு வாவிக்கு மேல கல்லடிப் பாலம் திறந்தது 1924ல. அதுக்கு முந்தி டவுன்ல இருந்து ஆரையம்பதிக்கு வாறதெண்டா வாவியில ஓடம்தான். அந்தக் காரையும் அப்படி ஏத்தித்தான் கொண்டுவந்திருப்பாங்க, இல்லாட்டி தெக்கால கல்முனைப் பக்கத்தால மணல் ரோட்டுல. மணல்ல அந்த ஒல்லிச் சில்லு புதைஞ்சு மாடு கட்டித்தான் இழுத்திருப்பாங்க.

அக்கரை நானா:
1876ல பிரேசில் விதையில முளைச்ச றப்பர் கண்டுகள லண்டன் கியூ தோட்டத்துல இருந்து கம்பஹா ஹெனரத்கொடைக்கு கொண்டு வந்து நட்ட, நம்ம பக்கம் வரண்ட பூமி, றப்பர் வராது, ஆனா அந்த வெள்ளை டயர்ல இலங்கைப் பால் கொஞ்சம் கலந்திரிக்கவும் ஏலும்தானே.

வாவிக்கரை:
எல்லாருக்கும் சரியான நன்றி. பெரியம்மாட்ட ஓடக் கதையக் கேட்டன், காரப் பத்தித் தெரியாதாம், ஆனா அந்தப் போடியார் சாகும் மட்டும் கார்ல பம்பும் ஒட்டுற சாமானும் வச்சுக்கொண்டு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போவாராம், அந்த ஆள்ர வேல காத்தடிக்கிறது மட்டும்தானாம். மாமாட்டயும் எல்லாம் வாசிச்சுக் காட்டினன். அவர் இன்னும் துணி சுத்தினதுண்டுதான் நிக்காரு.